6204 பேரிங் ஹவுசிங் வரைந்து ஃப்ரீகேட் பழகுதல்: ஃபில்லட் விழவில்லை, அளவை மாற்றினால் மாடல் கலைகிறது

#1 புதுக்கோடு

மென்பொருள்: ஃப்ரீகேட் 1.0 (இலவச 3டி வடிவமைப்பு மென்பொருள்). அதன் பார்ட் டிசைன் பகுதியைப் பழக எடுத்த பாகம், 6204 பேரிங் (வெளிவிட்டம் 47, அகலம் 14) உட்காரும் ஒரு ஹவுசிங், அதாவது கூடு. எல்லா அளவும் மி.மீ.

அடித்தட்டு 120 அகலம், 14 உயரம். அதன் நடுவில் 70 அகலத்தில் மேலெழும்பி, தலையில் அரைவட்டம். துளையின் மையம் அடியிலிருந்து 45. மொத்தத் தடிமன் 28. எம்8 போல்ட் இரண்டு, இடைவெளி 86. உள்ளே முன்பக்கமிருந்து 47 விட்டம், 20 ஆழம். மீதி 8-ல் 40 விட்டம். 47 துளைக்குள் சர்கிளிப் (பேரிங் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) உட்காரும் காடி.

மூன்று இடத்தில் நிற்கிறது:

ஒன்று, முகப்பு ஸ்கெட்சில் கடைசி அளவைக் கொடுத்ததும் ரிடண்டண்ட் என்று சொல்லி ஆரஞ்சு எழுத்தில் திட்டுகிறது. இரண்டு, 47-ம் 40-ம் சந்திக்கும் உள்மூலையில் ஃபில்லட் (மூலை வளைவு) ஆரம் 4 கொடுத்தால் பிழை. மூன்று, தடிமன் 28-ஐ 30 ஆக்கினால் சர்கிளிப் காடி தப்பான இடத்துக்குப் போகிறது.

இது ஃப்ரீகேடின் கோளாறா? வேறு மென்பொருளுக்கு மாறினால் தீருமா?

#2 நட்டுபோல்ட்டு

மாறினா தீராது ப்ரோ. நீங்க சொன்ன மூணும் எந்த கேட் மென்பொருளுக்கு போனாலும் கூடவே வரும். ரிடண்டண்ட்ங்கிறத சாலிட்வொர்க்ஸ்ல ஓவர் டிஃபைன்ட்னு சொல்லுவான், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனா தேர்வு பத்தி கேட்டதால சுருக்கமா:

ஃப்யூஷன் இலவச தனிநபர் உரிமம்னா ஒரே நேரத்துல 10 கோப்புதான் திருத்துற நிலையில வச்சுக்க முடியும். பழகுறதுக்கு அது போதும். ஆன்ஷேப் பிரவுசர்லயே ஓடும், சுமாரான லேப்டாப் போதும். ஆனா இலவசக் கணக்குல வரையுறது எல்லாமே ஊருக்கே தெரியும். பயிற்சிக்கு ஓகே, வாடிக்கையாளர் பாகத்த அங்க வரையாதீங்க. பிளெண்டர் இந்த வேலைக்கு ஆகாது. அது உருவம் செதுக்குற கருவி, 47 மி.மீ. துளைய நாளைக்கு 52 ஆக்கணும்னா அங்க கஷ்டம்.

ஃப்ரீகேடுக்கு நிஜமான பலவீனம் ஒண்ணு இருக்கு, மறைக்க வேண்டாம். அடியில ஓடுற ஜியோமெட்ரி எஞ்சின் ஓப்பன் கேஸ்கேட். சாலிட்வொர்க்ஸ், ஆன்ஷேப், சீமென்ஸ் என்எக்ஸ் மூணும் பாராசாலிட். சிக்கலான ஃபில்லட்ல பாராசாலிட் கை ஓங்கித்தான் இருக்கும். உங்க ஃபில்லட் பிழை அந்த வகை இல்ல. அந்த 4 மி.மீ. பாராசாலிட்லயும் உட்காராது. ஏன்னு கீழ யாராவது கணக்கு போடுவாங்க.

#3 வெர்னியர்

முதல் சிக்கலை எண்ணிப் பார்த்தே தீர்க்கலாம். ஸ்கெட்சில் சுதந்திர இயக்கங்களை (வடிவம் இன்னும் நகரக்கூடிய வழிகளை) எண்ணத் தெரிந்துவிட்டால் ரிடண்டண்ட் செய்தி பயமுறுத்தாது.

ஒரு கோட்டுக்கு 4 (இரண்டு முனை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆயம்). வட்டத்துக்கு 3. வில்லுக்கு 5.

உங்கள் முகப்பு வடிவத்தில் 7 கோடு, 1 வில். 28 + 5 = 33. எட்டு மூலைகளை ஒட்டினால் ஒவ்வொன்றும் 2 சாப்பிடும்: 33 − 16 = 17. ஏழு கோட்டுக்கும் கிடை அல்லது செங்குத்து: 10. வில் இரண்டு பக்கக் கோட்டையும் தொடுகோடாகத் தொட வேண்டும்: 8.

ஆக எட்டுதான் பாக்கி. அதை இப்படிச் செலவழிக்கலாம். அடிக்கோட்டின் இரு முனையும் ஆதிப்புள்ளிக்குச் சமச்சீர் (2), கோடும் இதிலேயே எக்ஸ் அச்சின் மேல் வந்துவிடும். வில்லின் மையம் நிமிர்ந்த அச்சின் மேல் (1). இரண்டு படியும் ஒரே உயரம் (1). பிறகு நான்கு எண்: 120, 14, 45, ஆரம் 35. முடிந்தது, கோடெல்லாம் பச்சை.

நீங்கள் இதற்கு மேல் 70 அகலத்தையும் கொடுத்திருப்பீர்கள். பக்கக் கோடுகள் வில்லைத் தொடுவதால் ஆரம் 35 என்றாலே அகலம் 70 என்று ஆகிவிட்டது. ஒரே விஷயத்தை இரண்டு முறை சொன்னதால்தான் திட்டு. 70-ஐயும் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அந்த அளவை ரெஃபரன்ஸ் அளவாக மாற்றி வையுங்கள். அது வடிவத்தை இழுக்காது, காட்ட மட்டும் செய்யும்.

ஒரு எச்சரிக்கை. தொடுகோடு கொடுக்கும்போது கோட்டையும் வில்லையும் தேர்ந்தெடுக்காமல், அவை சந்திக்கும் இரண்டு முனைப்புள்ளிகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். ஒட்டுதலும் தொடுகோடும் ஒரே கட்டுப்பாடாக விழும். தனித்தனியாகக் கொடுத்தால் சில நேரம் சால்வர் (கட்டுப்பாடுகளைக் கணக்கிடும் நிரல்) தடுமாறி வில்லைத் தலைகீழாகத் திருப்பிவிடும்.

#4 நட்டுபோல்ட்டு

கூடவே ஒண்ணு: முழுசா பச்சையாகாத ஸ்கெட்ச பேட் பண்ணவே (தடிமன் கொடுத்து திடப்பொருளாக்கவே) கூடாதுன்னு சில பேர் சட்டமே போடுவாங்க. ஃப்ரீகேட் அப்படி தடுக்காது, பேட் விழும். ஆனா ரெண்டு இயக்கம் விட்டு வச்ச ஸ்கெட்ச்ல நாளைக்கு 45-ஐ 50 ஆக்கினா எது நகரும்னு சால்வர்தான் முடிவு பண்ணும், நீங்க இல்ல.

#5 புதுக்கோடு

70-ஐ எடுத்ததும் பச்சையாகிவிட்டது, எண்ணிக்கையும் சரியாக வந்தது. நன்றி வெர்னியர் சார்.

துணைக்கேள்வி. ஆதிப்புள்ளியை அடித்தட்டின் கீழ்நடுவில் வைத்திருக்கிறேன். துளையின் மையத்தில் வைத்தால் அழகாக இருக்காதா? வட்டங்கள் எல்லாம் அங்கேதானே இருக்கின்றன.

#6 சில்லுவாரி

வேண்டாம், கீழ்நடுவிலேயே இருக்கட்டும்.

பட்டறையில் இந்தப் பாகத்தை முதலில் அடிப்பரப்பைத் தட்டையாக்கித்தான் ஆரம்பிப்பார்கள். பிறகு அந்தப் பரப்பைப் படுக்கையில் வைத்து அங்கிருந்து 45 ஏறித் துளை மையத்தைப் பிடிப்பார்கள். செய்பவர் எங்கிருந்து அளக்கிறாரோ, அங்கேதான் ஆதிப்புள்ளி. துளை மையத்தில் வைத்தால் அடிப்பரப்பு −45-ல், தட்டின் மேல் −31-ல் என்று ஆகும். 31 என்ற எண்ணை யாரும் அளக்கப் போவதில்லை.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உங்கள் முதல் பதிவிலேயே இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. போல்ட் இடைவெளி 86 என்றால் மையத்திலிருந்து 43. எம்8 வாஷரின் வெளிவிட்டம் 16, அதாவது ஆரம் 8. 43 − 8 = 35. உங்கள் நிமிர்ந்த சுவரும் 35-ல்தான். வாஷர் சுவரை உரசிக்கொண்டு நிற்கும். படியும் சுவரும் சேரும் மூலையில் ஒரு ஃபில்லட் போட்டாலே வாஷர் அதன் மேல் ஏறிச் சாய்ந்து உட்காரும், போல்ட் முறுக்கும்போது தலை ஒரு பக்கம் மட்டும் அழுத்தும்.

மாடலில் துளையை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. துளை விட்டம் 9, சுவருக்கு நிறைய இடம் இருப்பது போலக் காட்டும். துளை வரையும் ஸ்கெட்சிலேயே 16 விட்டத்தில் ஒரு கட்டுமான வட்டமும் போட்டுக்கொள்ளுங்கள். திடப்பொருளில் வராது, ஆனால் இடிப்பது கண்ணில் படும்.

மூலை ஆரம் 3 என்றால்: 35 + 3 + 8, கூட 1 இடைவெளி = 47. ஆக போல்ட் இடைவெளி 94. வெளியே 47 + 8 = 55, விளிம்புக்கு 5 மிச்சம், 120 அகலம் சரியாகப் பொருந்துகிறது.

#7 வெர்னியர்

சில்லுவாரி சொன்னது சரி. மேலே நட்டுபோல்ட்டு பாக்கி வைத்த ஃபில்லட் கணக்கை நான் முடிக்கிறேன்.

47-ம் 40-ம் சந்திக்கும் தோளின் (பேரிங் முட்டி நிற்கும் படியின்) அகலம் எவ்வளவு? 23.5 − 20 = 3.5. அந்தத் தட்டையில் 4 ஆரம் உட்கார இடமே இல்லை. 3.5 கொடுத்தாலும் தட்டை முழுதும் மறைந்து போகும், ஓப்பன் கேஸ்கேட் அங்கே பெரும்பாலும் மறுத்துவிடும். ஃபில்லட் பிழை வந்தால் முதலில் அதை ஒட்டிய முகத்தின் அகலத்தை அளந்து பாருங்கள், பத்தில் எட்டு முறை விடை அங்கேதான்.

ஆனால் உண்மையான விடை வேறு. 6204-ன் வெளிவளைய மூலை ஆரம் குறைந்தபட்சம் 1 மி.மீ. ஹவுசிங் மூலையில் 1-க்கு மேல் ஆரம் இருந்தால் பேரிங் தோளில் முட்டுவதற்கு முன் அந்த வளைவில் ஏறிக்கொள்ளும். கொஞ்சம் சாய்ந்து நிற்கும், சூடாகும், சத்தம் போடும். 0.6 போதும். தோளின் உள்விட்டமும் 41.4-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் 40 சரி.

அடுத்தது மூன்றாவது சிக்கல். நீங்கள் 47-க்கு ஒரு பாக்கெட், 40-க்கு ஒரு பாக்கெட், காடிக்கு ஒரு குரூவ் (அச்சைச் சுற்றிச் சுழற்றி வெட்டுவது) என்று மூன்று அம்சமாக வெட்டியிருப்பீர்கள், காடியை முன்முகத்திலிருந்து 6 என்று அளந்திருப்பீர்கள். 28-ல் அது தற்செயலாகச் சரி: 8 தோள், 14 பேரிங், மீதி 6. தடிமனை 30 ஆக்கியதும், தோள் 8-லேயே நிற்பதால், 47 துளையின் ஆழம் 22 ஆகிறது, காடியோ முன்முகத்தைப் பிடித்துக்கொண்டு அதோடு போகிறது. தோளுக்கும் காடிக்கும் இடையே 16. பேரிங் 14. இரண்டு மி.மீ. ஆடும்.

மென்பொருள் நீங்கள் சொன்னதைத்தான் செய்தது. காடி முன்முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. தோளைப் பார்த்து நிற்க வேண்டும்.

மூன்று வெட்டையும் ஒரே ஸ்கெட்சாக்குங்கள்:

ஒய்-இசட் தளத்தில் புது ஸ்கெட்ச். எக்ஸ்-இசட் தளத்தில் வரைந்து பேட் செய்தால் ஃப்ரீகேடில் பாகம் எதிர்ம ஒய் பக்கம் வளரும், அதனால் இந்த ஸ்கெட்சில் பாகம் உங்களுக்கு இடப்பக்கம் விழும். பின்முகம் சுழியத்தில், முன்முகம் −28-ல்.

45 உயரத்தில் ஒரு கிடைக்கோடு, கட்டுமானக் கோடாக. அதுதான் சுழல் அச்சு. அதற்கு மேல் பாதி வெட்டுமுகத்தை மூடிய வடிவமாக வரையுங்கள்: வலமிருந்து இடமாக 8 நீளத்துக்கு 20 ஆரம், அடுத்த 14-க்கு 23.5, அடுத்த 1.85-க்கு 24.75, முன்முகம் வரை மறுபடி 23.5. அடியில் அச்சின் மேலேயே மூடிவிடுங்கள். குரூவ் கருவி, அச்சு என்ற இடத்தில் அந்தக் கட்டுமானக் கோடு, 360 பாகை.

காடி அளவு 47 துளைக்கான டின் 472 (ஜெர்மன் தரம்) சர்கிளிப்புக்கு உரியது: காடி விட்டம் 49.5, அகலம் 1.85, வளையத் தடிமன் 1.75. காடிக்கு முன்னால் உதடு 28 − 8 − 14 − 1.85 = 4.15. வளையம் தள்ளும் விசையை அந்த உதடுதான் தாங்குகிறது. இந்த அளவுக்கு 3.8-க்குக் கீழே போக விடாதீர்கள்.

இப்போது தடிமனை 30 ஆக்குங்கள். உதடு மட்டும் 6.15 ஆகும். பேரிங் அசையாது.

#8 நட்டுபோல்ட்டு

இதுல ஒரு நுணுக்கம். முன்முகம்ங்கிற கோட்ட எப்படி பிடிக்கிறதுன்னு கேள்வி வரும். நிறைய பேர் பேட் பண்ண முகத்தையே எக்ஸ்டர்னல் ஜியோமெட்ரியா இழுத்துட்டு வந்து அதுல ஒட்டுவாங்க. 0.21 வரைக்கும் அது கண்ணிவெடி. முகத்துக்கு முகம்6, முகம்9னு வெறும் எண்தான் பேரு. மேல ஒரு ஸ்கெட்ச்ல ஒரு கோடு கூட்டினா எண்ணெல்லாம் மாறும், ஸ்கெட்ச் வேற முகத்துல போய் ஒட்டிக்கும். 2024 நவம்பர்ல வந்த 1.0-ல இத பெருமளவு சரி பண்ணிட்டாங்க. ஆனாலும் பழக்கம் பழக்கம்தான்: முகத்து மேல ஸ்கெட்ச் போடாம ஆதித்தளத்து மேல போட்டு, தடிமன ஸ்ப்ரெட்ஷீட்டோட ஒரே கலத்துலேருந்து ரெண்டு இடத்துக்கும் எடுத்தா உடையறதுக்கு ஒண்ணுமே இல்ல.

போல்ட் துளைக்கும் அதே. எக்ஸ்-ஒய் தளத்துல ரெண்டு வட்டம், முன்பின் நடு −14-ல. ஹோல் கருவில எம்8, கிளியரன்ஸ் நார்மல் வச்சா 9 மி.மீ. வரும். நீங்க வரைஞ்ச வட்டத்தோட விட்டத்த அது கண்டுக்காது, மையத்த மட்டும் எடுத்துக்கும். வெட்டே விழலன்னா பயப்படாதீங்க. துளை கீழ்நோக்கி, பாகம் இல்லாத பக்கம் போயிருக்கும். ரிவர்ஸ்டு டிக் பண்ணுங்க.

#9 முக்கோணவலை

இதை 3டி பிரிண்டில் எடுக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை.

பிரிண்டுக்கு அனுப்பும் எஸ்டிஎல் கோப்பில் வட்டம் கிடையாது, முக்கோணம்தான். 47 துளையை 36 பக்கமாக உடைத்தால் ஒவ்வொரு பக்கத்தின் நடுவும் 0.09 மி.மீ. உள்ளே வந்துவிடும், அதாவது துளையின் ஆரம் அங்கே அந்த அளவுக்குச் சிறுக்கும். 0.01-க்குள் வர 108 பக்கமாவது தேவை. ஏற்றுமதி செய்யும் முன் மெஷ் விலகலை 0.01-க்குக் குறையுங்கள். எஸ்டிஎல்-ல் அலகும் கிடையாது, மி.மீ. என்று ஸ்லைசர் (பிரிண்டருக்காக அடுக்குகளாக வெட்டும் நிரல்) தானாக எடுத்துக்கொள்கிறது.

படுக்கையில் பின்முகம் கீழே, துளை அச்சு நிமிர்ந்து இருக்கும்படி வையுங்கள். 40, பிறகு 47 என்று மேலே போகப் போக விரிவதால் தாங்கி வேண்டாம். காடிக்கு மேல் 1.25 மி.மீ. மட்டும் தொங்கும், அதுவும் தாங்கி இல்லாமல் வந்துவிடும். துளையை 47.2-ல் வைத்து, முழு ஹவுசிங்கையும் அடிப்பதற்கு முன் 5 மி.மீ. உயர வளையம் மட்டும் ஒன்று அடித்துப் பேரிங்கை நுழைத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் 0.05 கூட்டுங்கள். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் பக்கத்திலேயே இளகும். மோட்டார் பக்கத்தில் ஓடுகிற பேரிங்குக்கு அது வேண்டாம்.

#10 டிராயிங்ஷீட்

47.2 என்று மாடலையே மாற்றுவது பிரிண்டுக்கு மட்டும்தான் பொருந்தும், அதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கடைசல் வேலைக்கு மாடல் 47-லேயே இருக்கட்டும். சகிப்பளவு டிராயிங்கில் எழுதப்பட வேண்டும். 47 எச்7 (எச்7 என்பது துளைக்கான சகிப்பளவு வகுப்பு) என்றால் 47.000 முதல் 47.025 வரை. மாடலையும் 47.01 என்று தூக்கிவிட்டு டிராயிங்கிலும் எச்7 எழுதினால், எதை நம்புவது என்று செய்பவர் குழம்புவார்.

டெக்டிரா (ஃப்ரீகேடில் டிராயிங் எடுக்கும் பகுதி) பக்கத்தில் மூன்று பார்வை போதும்: முகப்பு, துளை அச்சின் வழியே வெட்டுத்தோற்றம், மேல்பார்வை. வெட்டுத்தோற்றம் இல்லாமல் காடியைப் புள்ளிக்கோட்டில் காட்டாதீர்கள், 1.85 அகலம் புள்ளிக்கோட்டுக் கூட்டத்தில் காணாமல் போகும்.

பார்வைகளை அடுக்கும் முறை இந்தியாவில் முதல் கோண வீழல். அமெரிக்கக் காணொளி பார்த்துக் கற்றவர்கள் மூன்றாம் கோணத்தில் அடுக்கிவிடுவார்கள். சமச்சீர் பாகமாக இருப்பதால் முகப்பில் தெரியாது. ஆனால் பேரிங் எந்தப் பக்கமிருந்து நுழைகிறது என்பது பக்கப் பார்வையில் தலைகீழாகும். டெக்டிரா அமைப்பில் வீழல் வகையைப் பார்த்துவிட்டு, தலைப்புப் பெட்டியில் வெட்டிய கூம்புக் குறியையும் வையுங்கள்.

அளவிடும்போது மாடலில் எப்படிக் கட்டினீர்களோ அப்படியே: 45 அடிப்பரப்பிலிருந்து, காடி தோளிலிருந்து 14. துளை அச்சு அடிப்பரப்புக்கு இணையாக 0.05-க்குள். இது இல்லாத டிராயிங்கில் 45 சரியாக இருந்தும் ஷாஃப்ட் சாய்ந்து நிற்க வாய்ப்புண்டு.

பிறகு ஒரு கேள்வி சில்லுவாரிக்கு: மூலை ஆரம் 3 எதற்கு? பாகத்தை அடிப்பரப்பில் நிற்க வைத்து மேலிருந்து எண்டு மில்லால் படியை எடுத்தால் மூலை தானாகக் கூர்மையாகத்தானே வரும்?

#11 சில்லுவாரி

வரும், வெறும் மில்லிங் மெஷினில் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் மேலே அரைவட்டம் இருக்கிறதே. அதைச் சுற்ற ரோட்டரி டேபிளில் இன்னொரு முறை கட்ட வேண்டும். சிஎன்சி-யில் பாகத்தைப் படுக்க வைத்து, முகப்பு வடிவத்தை ஒரே ஓட்டத்தில் சுற்றி வெட்டுவது சுலபம். அப்போது மூலையில் கட்டரின் ஆரம் விழுந்தே தீரும். கூர்மூலை அழுத்தம் சேரும் இடமும்கூட.

ஆனால் உங்கள் கேள்வியால் என் 3-ஐயே மறுபடி பார்க்கிறேன், அது கஞ்சத்தனமான ஆரம். மூலை ஆரத்தைவிடக் கட்டர் ஆரம் கொஞ்சம் சிறிதாக இருந்தால்தான் திரும்பும்போது முழுவதும் அப்பிக்கொண்டு அதிராது. 3-க்கு 5 மி.மீ. கட்டர், 28 ஆழம் அதற்கு ஐந்தரை மடங்குக்கு மேல், வளையும், சுவர் சரிவாக வரும். ஆரம் 5 என்றால் 8 மி.மீ. கட்டர், மூன்றரை மடங்கு, தாராளம்.

ஆக 5 ஆக்குங்கள். ஆனால் அதோடு வாஷர் மறுபடி ஏறும்: 35 + 5 + 8 + 1 = 49. போல்ட் இடைவெளி 98. தட்டு 98 + 16 + 10 = 124.

#12 நட்டுபோல்ட்டு

இதத்தான் கையால மாத்தக்கூடாது. ஒரு ஆரம் மாறினதுக்கு மூணு எண் மாறுது பாருங்க. ஸ்ப்ரெட்ஷீட்ல நாலு கலம் போடுங்க: வளைவு ஆரம் 35, மூலை ஆரம், வாஷர் ஆரம் 8, விளிம்பு 5. அதுக்கு கீழ ரெண்டு சூத்திரம்.

போல்ட் இடைவெளி = 2 × (வளைவு ஆரம் + மூலை ஆரம் + வாஷர் ஆரம் + 1)
தட்டு அகலம் = இடைவெளி + 2 × வாஷர் ஆரம் + 2 × விளிம்பு

மூலை 3 போட்டா 94, 120. மூலை 5 போட்டா 98, 124. ஸ்கெட்ச்ல அளவு பெட்டிக்கு ஓரத்துல நீல வட்டம் இருக்கும், அத அமுக்கி கலத்தோட பேர எழுதுங்க. மூலை ஃபில்லட்டோட ஆரத்துக்கும் அதே கலம்.

சூத்திரத்துல அந்த வெறும் 1-க்கும் மி.மீ. போடுங்க. அலகு இல்லாத எண்ண நீளத்தோட கூட்ட விடாது.

#13 புதுக்கோடு

சூத்திரம் வரை வந்தேன். மூலை ஆரத்துக்கு ஆர்5 என்றும் துளைக்கு டி47 என்றும் அலியாஸ் (கலத்துக்கு நாம் வைக்கும் பெயர்) கொடுத்தால் ஏற்க மறுக்கிறது, பெட்டி சிவக்கிறது.

#14 வெர்னியர்

ஆர்5 என்பது ஆர் நெடுவரிசை, ஐந்தாம் வரியின் கல முகவரி. டி47-ம் அப்படியே. ஏற்கெனவே இருக்கும் முகவரியைப் பெயராக வைக்க முடியாது. எம், எம்எம் போன்ற அலகுப் பெயர்களும் ஆகாது. எண்ணை பெயரில் சேர்க்கவே வேண்டாம். டி47 என்று பெயர் வைத்த கலத்தில் நாளை 52 இருந்தால் படிப்பவர் தலையைச் சொறிவார். அந்த அளவு என்ன வேலை செய்கிறதோ அதைப் பெயராக்குங்கள்: பேரிங் துளை, தோள் துளை, மூலை ஆரம், ஆங்கில எழுத்தில்.

எல்லாம் முடித்ததும் கன அளவைப் பாருங்கள். பைதான் கன்சோலில் பாடியின் ஷேப், அதன் வால்யூம். உள்மூலை 0.6 ஃபில்லட்டைப் போடுவதற்கு முன் பாருங்கள், கணக்கு நேராக வரும்.

முகப்புப் பரப்பு: தட்டு 124 × 14 = 1736. நடு 70 × 31 = 2170. அரைவட்டம் 1924.23. இரண்டு மூலை ஆரம் 10.73. மொத்தம் 5840.96, தடிமன் 28-ஆல் பெருக்க 1,63,547. இதில் துளை, தோள், காடி மூன்றும் 45,103. போல்ட் துளை இரண்டும் 1,781. மீதி 1,16,663 கன மி.மீ. எஃகு என்றால் சுமார் 916 கிராம்.

1,270 கிராம் பக்கம் வந்தால் குரூவ் வெட்டவே இல்லை என்று பொருள்.

#15 டிராயிங்ஷீட்

ஸ்டெப் கோப்பாக (மற்ற கேட் மென்பொருள்களும் திறக்கும் வடிவம்) ஏற்றுமதி செய்தபின் அதே கோப்பை வெற்று ஆவணத்தில் திரும்பத் திறந்து இதே எண் வருகிறதா பாருங்கள். பட்டறைக்குப் போவது அந்தக் கோப்புதான், உங்கள் ஃப்ரீகேட் மரம் இல்லை.

#16 புதுக்கோடு

எல்லாவற்றையும் சூத்திரத்தில் கட்டினேன், மூலை 5. பிழை எதுவும் இல்லை, எல்லா ஸ்கெட்சும் பச்சை. ஆனால் கன அளவு 1,17,013 என்று வருகிறது. 350 கூடுதல். மெஷ் போன்ற தோராயத்தால் வரும் வித்தியாசமா?

#17 வெர்னியர்

திடப்பொருளில் தோராயம் இவ்வளவு வராது. 350 என்ற எண்ணைப் பாருங்கள். 24.75-ன் வர்க்கத்திலிருந்து 23.5-ன் வர்க்கத்தைக் கழித்தால் 60.3125. பை-யால் பெருக்கி, 1.85-ஆல் பெருக்கினால் 350.5. உங்கள் மாடலில் காடி இல்லை.

குரூவ் ஸ்கெட்சைத் திறந்து காடியின் ஆரம் எந்தக் கலத்தைப் பார்க்கிறது என்று பாருங்கள்.

#18 புதுக்கோடு

பேரிங் துளைக் கலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. காடிக் கோடு துளைக் கோட்டின் மேலேயே படுத்திருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. 49.5-க்குத் தனிக் கலம் வைத்து மாற்றினேன். இப்போது 1,16,663.